இளநீர் கேட்ட காவேரி அக்கா

காவேரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பாலக்கோடு போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவர் கோவிந்தன் மாமாதான் பேசினார். "மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தா தம்பி. எழுந்திரிக்கவே இல்ல," என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாரண்டஹள்ளிக்கே திரும்பினேன்.

எங்கள் மதுவிலக்குக் குழுவில் யார் போனாலும் படத்திறப்பில் வாசிக்க நான்தான் எழுதித் தருவது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. ஆனால் இந்தமுறை வேறு யாரிடமாவது விட்டால் அக்காவை 'வீராங்கனை' ஆக்கிவிடுவார்கள். அந்த வார்த்தை அவருக்கு அறவே ஆகாது. அதனால் நானே உட்கார்ந்தேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தக்காளி மண்டியில் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை அவருக்கு. மதுக்கடையை எதிர்க்கும் பெண் என்றால் புருஷன் குடிகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. ஒரு நிருபர் அதையே கேட்டார். "அட போங்க, எங்க வூட்டுக்காரரு டீ கூடக் குடிக்க மாட்டாரு," என்று சிரித்தார் அக்கா. பிறகு ஏன் இவ்வளவு பாடு? "பக்கத்து வூட்ல அடி வுழுந்தா எங்க வூட்ல சோறு எறங்க மாட்டேங்குதுங்க. அவ்ளோதான்."

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கடை திறந்த வருடம், குழு சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தது. செயலாளர் மாது அண்ணனுக்கு அப்போது ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. ஓர் உயிர் போனால்தான் அரசாங்கம் அசையும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். யார் உட்காருவது என்றபோது கை தூக்கியவர் அக்கா ஒருவர்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டோம். நாளாக ஆக அக்காவின் உதடு வெடித்தது. மாமா ஓரமாக உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. பூஜைக்கு அச்சகம் மூடிவிட்டால் மறுபடி திறக்க நாளாகும், அதற்குள் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சுவரொட்டிக்கு எங்கே போவது என்று மாது அண்ணன் கணக்குப் போட்டிருக்கிறார். தருமபுரிக்குப் போய், அக்காவின் படத்தைப் போட்டு 'வீரவணக்கம்' என்று அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். சுவரொட்டிக் கட்டைக் கொண்டுபோய்ப் பந்தலுக்குள்ளேயே, அக்காவின் தலைமாட்டில் வைத்தார். காற்று சும்மா இருக்குமா? மேல்தாள் பறந்துபோய் அவர் நெஞ்சின் மீது விழுந்தது.

அக்கா அதை நிதானமாகப் படித்தார். "இந்த போட்டோ ரேஷன் கார்டுக்கு எடுத்ததாச்சே. வேற நல்லதே கெடைக்கலியா?" என்றார். எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாது அண்ணன் மட்டும் விடவில்லை. "ஊரே கொந்தளிக்கும்க்கா. உங்க பேரு நிக்கும்."

"கொந்தளிக்கட்டும். எத்தன நாளைக்கு?"

மாது அண்ணன் குனிந்து சுவரொட்டிக் கட்டின் மேல் ஒரு கல்லை வைத்தார்.

"சாவறதும் ஒரு வேலதான் மாது. செஞ்சிட்டா முடிஞ்சிரும். அதுக்கப்பறம் கடை முன்னாடி யாரு வந்து நிப்பா? நீயா? யாராச்சும் ஒரு எளநி வெட்டுங்கப்பா."

மாமா எழுந்து ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு ஊர் அவருக்கு வைத்த பெயர் 'எளநி காவேரி'. சாகப் பயந்தவர் என்றார்கள். விலை போய்விட்டார் என்றுகூடச் சொன்னார்கள். மாது அண்ணன் வருடக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. மண்டி வேலை முடிந்ததும் கடைக்கு எதிரே போய் நிற்பார். குடிக்காதே என்று யாரிடமும் சொன்னதில்லை. "இன்னிக்கு வேணாம் சாமி, நாளைக்குக் குடிச்சிக்கோ," என்பார். மறுநாளும் அதையேதான் சொல்வார். திட்டியவர்கள் உண்டு, பிடித்துத் தள்ளியவர்கள் உண்டு. அலுத்துக்கொண்டே வீடு திரும்பியவர்களும் உண்டு. கடை மூடப்படவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான். "இதுக்கு அன்னிக்கே போயிருக்கலாமோ தம்பி?" என்று ஒருமுறை கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். எனக்கும் அலுப்பு. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் குழி வெட்டுகிறவர்களுக்குச் சாவு வீட்டார் சரக்கு வாங்கித் தருவது வழக்கம். ஊற்றாமல் கடப்பாரை எழாது. அக்காவின் சாவுக்கும் வந்து நின்றார்கள். தலை நரைத்துப்போன மாது அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "குடுத்துரலாம் மாமா. பாறை நெலம். இல்லன்னா பொழுதுக்குள்ள ஆவாது." அக்காவின் பிணத்தை வைத்துக்கொண்டே அந்தக் கடையில் போய் வாங்குவதா? ஆனால் பிணம் கிடக்கிறதே!

கூட்டத்தில் வாயே திறக்காத கோவிந்தன் மாமா எழுந்தார். "இன்னிக்கு வேணாங்கப்பா. நாளைக்கு நானே வாங்கித் தரேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவரான சின்னப்பன், அக்காவைத் தினம் திட்டியவர், "செத்தும் வுடலியே இந்தம்மா," என்று முனகிக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். பொழுது சாயும்வரை வெட்டினார்கள். ஒருவர் வாயிலும் வாடை இல்லை.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கு மாமா வரிசையில் போய் நின்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "சொல்லிட்டேன் தம்பி. சொன்னா செய்யணும்ல?" என்றார். கண்ணில் நீர் தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த சின்னப்பன் அவரைத் தோளோடு அணைத்து வரிசையிலிருந்து வெளியே கூட்டிவந்தார். "நீங்க இங்க நிக்கக் கூடாது மாமா. வூட்டுக்குப் போங்க."

அப்புறம் சின்னப்பன் குடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். குடித்தார், தன் காசில்.

படுத்துக்கொள்ளுங்கள் அக்கா. நின்று நின்று கால் ஓய்ந்திருக்கும். கடை திறந்துதான் இருக்கிறது. இன்று சாயங்காலம் எதிரே யார் போய் நிற்பது என்று நானும் மாது அண்ணனும் பேசிக்கொண்டிருக்கிறோம்.