தண்ணீர் வெள்ளி

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த ‘ஸ்டோர்’ வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் நெடிதான்; ஒன்பது குடித்தனத்துக்கும் பொதுவாக இருந்த ஒரே தெர்மாமீட்டரை அதில் நனைத்த பஞ்சால் துடைத்துத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். யுத்தக் காலம். உடைந்தால் கடையில் வேறு கிடையாது.

பள்ளி இறுதி வகுப்பிலிருந்த என் அக்கா பத்மாவுக்கு ரசாயனம் என்றால் பைத்தியம். சோடியத்துக்கு ஏன் Na, பொட்டாசியத்துக்கு ஏன் K என்று கேட்டால், நேட்ரியம், காலியம் என்று பழைய பெயர்களை ஒப்பிப்பாள். டைபாய்டில் படுத்தபோதும் அவள் வாய் ஓயவில்லை. தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்ததும், “இதுக்குள்ள இருக்கே பாதரசம், அதுக்கு Hg-டி. ஹைட்ரார்ஜிரம். தண்ணி வெள்ளின்னு அர்த்தம்” என்றாள்.

ஒன்பது வயதில், கேட்டதோடு நிற்கிற ஜென்மமா நான்! தண்ணீர் என்றால் கையை நனைக்க வேண்டாமா? அம்மா குழாயடிக்குப் போன சமயம், தெர்மாமீட்டரின் நுனியை அம்மிக்கல்லில் தட்டினேன். மணிமணியாக உருண்டது, கையை நனைக்காமலே தரை விரிசலுக்குள் ஓடி மறைந்தது. கண்ணாடிச் சில்லுகளைக் காகிதத்தில் சுருட்டிச் சாக்கடையில் போட்டேன்.

அம்மா தேடியபோது, “பின்கட்டுக்கு எடுத்துண்டு போயிட்டா” என்று கூசாமல் புளுகினேன். அங்கும் ஒரு கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. வாங்கிவர எழுந்த அப்பாவை, “ஜுரக்காராத்துல போய்த் திருப்பிக் கேக்கப்படாது. அவாளா தரட்டும்” என்று அம்மா தடுத்துவிட்டாள். அந்த மரியாதை நாசமாய்ப் போக!

இரண்டு நாள் அம்மா நெற்றியில் கை வைத்தே பார்த்தாள். அடுப்படியிலிருந்து வந்த கைக்கு எந்த நெற்றி சுடும்? மூன்றாம் நாள் வந்த டாக்டர், “எத்தனை டிகிரி ஏறித்தும்மா? ஏன் முன்னாடியே சொல்லி அனுப்பலை?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே அக்கா போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பின்கட்டுக்காரர்கள், தெர்மாமீட்டர் தங்களிடம் வரவேயில்லை என்று சொன்னார்களோ என்னவோ, அம்மா சாகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலு அறை அறைந்திருக்கலாம் என்னை.

ஸ்டோர் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. பாதரச தெர்மாமீட்டரும் ஒழிந்துவிட்டது. போன வாரம் மருந்துக்கடையில் கேட்டேன். “அதெல்லாம் இப்ப வர்றதில்லம்மா” என்று, கீச்சென்று கத்தி எண் காட்டும் ஒன்றைக் கொடுத்தான் பையன். அந்தக் காலத்தில் டைபாய்டுக்குச் சரியான மருந்தே இல்லை, தெரிந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். அக்காவுக்கு அந்த இரண்டு நாளும் எத்தனை டிகிரி என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.