குலுங்காத கார்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் மெத்தை. இருபத்திரண்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். அவருடைய காரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரோடு போனாலும் ஒரு சொட்டு சிந்தாது என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

பிறக்கும்போதே அவர் மெத்தை இல்லை. முதல் பதினெட்டு வருஷம் எல்லோரையும் போலக் கண்மண் தெரியாமல்தான் ஓட்டினார். பிறகு மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் பின்சீட்டில் மல்லாந்து படுத்தபடிதான் அவள் போக வேண்டும். "ஒரு பெரிய குலுக்கல் போதும், வெச்ச கம்பி நகர்ந்துடும்" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியம் இவர் ஓட்டுவதையே மாற்றிவிட்டது.

தெருவோ குழியும் குண்டுமாகக் கிடந்தது. ஆனால் மனைவிக்கு அது தெரியாது. படுத்திருப்பவளுக்குத் தெரிவதெல்லாம் காரின் கூரை மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோட்டைத் திட்டினால், "நல்லாத்தானே இருக்கு? உங்களுக்கெல்லாம் பொறுமை இல்லை" என்று கேலி செய்வாள். இவர் மூச்சு விட மாட்டார்.

இப்போது பிசியோதெரபி நிபுணர் புதிதாக ஒன்று சொல்லியிருந்தார். "இன்னும் மூணு மாசத்துல வாக்கர் பிடிச்சுத் தினமும் தெருவுல நடக்கணும். வீட்டுக்குள்ளேயே இருந்தா கால் திரும்ப வராது." வாக்கருக்கு நான்கு கால். நான்கையும் சமமாக ஊன்ற அந்தத் தெருவில் ஓர் இடம் கிடையாது. தார் விழாவிட்டால் அவள் நடக்கப்போவதில்லை. இந்தக் கவலை அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

தெருக்காரர்கள் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்தார்கள். தையல்கடை அம்மாதான், "கெஞ்சினது போதும், அளந்து காட்டுவோம்" என்று பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார். அங்கே ஒரு பேராசிரியை, வண்டி குலுங்குவதைப் பதிவு செய்யும் தீப்பெட்டி அளவுக் கருவிகளைச் செய்து வைத்திருந்தார். ஊரில் பதினைந்து தெருக்களில், தெருவுக்கு ஒரு வண்டியில் அவை ஒட்டப்பட்டன. குலுக்கல் அதிகமுள்ள தெருவுக்கு முதலில் தார் போட நகராட்சியும் சம்மதித்தது. இவர்கள் தெருவில் நாளுக்கு எட்டு முறை போய்வருவது மெத்தையின் கார்தான். கருவியை வேறு எதில் ஒட்டுவார்கள்?

ஒன்றரை மாதம் கழித்துப் பல்கலைக்கழகக் கூடத்தில் முடிவைச் சுவரில் ஒளிரவிட்டார்கள். பட்டியலின் கடைசியில் இவர்கள் தெரு. பக்கத்தில், 'மிக நல்ல சாலை.'

"அண்ணே, வண்டியை எங்க ஓட்டினீங்க? ஆகாயத்துலயா?" என்று தையல்கடை அம்மா வெடித்தார். மெத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. குழிகளை ஒன்றுவிடாமல் தவிர்த்துத் தவிர்த்து, அவை இல்லவே இல்லை என்று தானே சாட்சி சொல்லியிருக்கிறார்!

பேராசிரியை இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். மறுநாள் காலை மெத்தை காலி காரை எடுத்துக்கொண்டு, எல்லாக் குழியிலும் விழுந்தே தீருவது என்று கிளம்பினார். முதல் குழி வந்தது. கை ஸ்டியரிங்கை ஒடித்தது. இரண்டாவதிலும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், பின்சீட்டு காலிதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கை கேட்டால்தானே!

மூன்றாம் நாள் நேரே பேராசிரியையின் அறைக்குப் போய் நின்றார்.

"மேடம், என்னால குழியில இறக்க முடியலை. வேற யார் வண்டியிலயாவது ஒட்டிக்குங்க."

"ஏன் முடியலை?"

சொன்னார். முதுகு, கம்பி, பின்சீட்டு, நான்கு வருஷம். பேராசிரியை கணினிப் பக்கம் திரும்பினார். "இந்தப் பெட்டி குலுங்கறதை மட்டும் எழுதலை. வண்டி எங்க எவ்வளவு திரும்புதுங்கறதையும் எழுதுது. அதை யாரும் கேக்கலை. நானும் திறந்து பாக்கலை."

அடுத்த கூட்டத்துக்கு மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். சுவரில் அவர்கள் தெரு பெரிதாக விரிந்தது. அதன்மேல் அவர் ஓட்டிய முந்நூறு பயணமும் நீலக் கோடுகளாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. முந்நூறும் ஒரே இடத்தில் வளைந்தன, ஒரே இடத்தில் நிமிர்ந்தன. தன் கைகள் இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தன என்று மெத்தைக்கே தெரியாது.

"எழுபத்தொரு வளைவு" என்றார் தையல்கடை அம்மா. "நாங்க அளவு நாடாவோட போய்ப் பார்த்தோம். எழுபது இடத்துல குழி. மிச்சம் ஒண்ணு என் கடை வாசல். அந்தக் குழியை ரெண்டு மாசம் முன்னாடியே நானே கல்லு போட்டு மூடிட்டேன். அண்ணன் இன்னும் அதை நம்பலை."

எல்லோரும் சிரித்தார்கள். நகராட்சிப் பொறியாளர் எழுந்து, பட்டியலில் அந்தத் தெருவை முதலிடத்துக்கு மாற்றினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மனைவி மட்டும் கைதட்டவில்லை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இத்தனை குழியா?"

"ஆமா."

"ஒண்ணுகூட எனக்குத் தெரியலையே."

அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த வளைவுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள்.