ஜெபக்குமார் ஏற்றிய பயாஸ்

பகல் பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. ஆவூரிலிருந்து ஜெபக்குமாரின் மனைவி பிளெஸ்ஸி பேசினாள். "அன்பு... அவரு போயிட்டாருடி." அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

புதுக்கோட்டைக் கடையில் அன்புமொழி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் பழுதுக்கு வந்த கணினியின் திரையைப் பார்த்தபடி இருந்தாள். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலக் கோடு பாதிகூட நகரவில்லை.

அவளும் ஜெபக்குமாரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகக் கணினிக் கடை போட்டவர்கள். மதர்போர்டின் பயாஸை, கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலை, மாற்றுவதில் அவன் அளவுக்குப் பயந்தவனை அவள் கண்டதில்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் பேரை நம்பமாட்டான். டார்ச் அடித்து போர்டிலேயே எண்ணைப் படிப்பான். புதியதை ஏற்றுமுன் பழையதைப் பென் டிரைவில் எடுத்து வைப்பான். "நல்லா ஓடுற மிஷின்ல பயாஸைத் தொடுறது, தூங்குற நாயை எழுப்பி வாய்க்குள்ள கைய விடுற மாதிரி" என்பான்.

அப்படிப்பட்டவன் போன வாரம் ஒரு முறை இளகிவிட்டான். கட்டுமாவடி மீன் வியாபாரி கண்ணுசாமிதான் காரணம். "தம்பி, சிங்கப்பூர்ல இருந்து மகன் சொல்லிட்டான், புதுசா ஏத்திருங்க" என்று நின்ற இடத்திலேயே நின்றார். ஏற்றினான். அன்றிலிருந்து அந்தக் கணினி மீன் எடை போடும் நேரத்தில் தானாக அணைந்தது. மீன் ஏலத்துக்கு அவரிடம் வேறு கணினி இல்லை. கெட்டுப்போனால் அந்த மாதிரிப் பழைய போர்டும் இனிக் கிடைக்காது.

"நான் ஏத்துனத நானே எறக்கிட்டுப் பழையதப் போடுறேன்" என்றிருந்தான். நெஞ்சுவலி முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் பேசினான். "நீயே எறக்கிரு அன்பு. நடுவுல கரண்ட் மட்டும் போயிரக் கூடாது."

அந்த வீதியில் கடைக்காரர் யார் இறந்தாலும் முதலில் அவர் கடை விளக்கு அணைய வேண்டும். பிறகே மற்றக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கும். பக்கத்து ஜெராக்ஸ் கடைத் திருப்பதி கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். எதுவும் கேட்காமல் மெயின் சுவிட்சை அணைத்தார். உடனே யூபிஎஸ் வீறிட்டது.

"எழவு சேதி வந்த கடையில இது வேற கத்துது" என்று அதன் பட்டனுக்குக் கையை நீட்டினார். அன்புமொழி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்கண்ணே! இப்ப அணைஞ்சா இந்த போர்டு செத்துரும். மெயினைப் போடுங்க, பேட்டரி தாங்காது."

"வெளிச்சம் போட்டுக்கிட்டு ஒக்காந்தா தெருவே காறித் துப்பும்மா."

"துப்பட்டும். அவன் ஏத்துனதண்ணே. அதத்தான் எறக்கிக்கிட்டு இருக்கேன்."

திருப்பதி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெயினை அவரே போட்டார். வாசலில் போய் நின்றுகொண்டு, கூடியவர்களிடம், "கொஞ்சம் பொறுங்கப்பா. ஜெபக்குமாரு வேலை ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். கோடு நகர்ந்தது.

முடிந்ததும் திரை கறுத்தது. அந்தக் கறுப்பு கொஞ்ச நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் விரல்விட்டு நொடிகளை எண்ணினாள். பிறகு வெளிச்சம் வந்தது. பழைய பதிப்பின் எண். எடை போடும் நிரலைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தாள். அணையவில்லை.

அவளே கணினியை நிறுத்தினாள், யூபிஎஸ்ஸை நிறுத்தினாள், மெயினை அணைத்தாள். வெளியே ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தத்தினூடே ஆவூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்த மாதிரிப் பழைய போர்டில் பயாஸை மாற்றினால் கணினி தேதியை மறந்துவிடும். மறுபடி வைக்க வேண்டும். கண்ணுசாமியின் கணினியில் ஜெபக்குமார் போன தேதி இன்னும் வைக்கப்படவில்லை.