எங்கள் வீட்டு ஒயரை எடுக்கச் சொன்ன மகான்

இன்று காலை பெருமாள் புறப்பாடு எங்கள் தெருவுக்குத் திரும்பும் நேரம். குடை தட்டாமல் இருக்க, தாழ்வாகத் தொங்கும் ஒயர்களை ஒருவர் ஏணி போட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க மாடிக்கு ஒரு கறுப்பு ஒயரு போவுதே, கழட்டட்டுமா?"

பழைய டிவி கேபிள் என்று நினைத்து, கெத்தாகச் சொன்னேன்: "தாராளமா எடுப்பா. நம்ம வூட்ல வைஃபை. ஒயரே கிடையாது."

உள்ளே மகள் லேப்டாப்பில் முதல் வேலைக்கு இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா! நெட்டு பூடுச்சி!"

"பொட்டியில லைட்டு எரியுதேம்மா. என் போன்ல வைஃபை ஃபுல்லா காட்டுது!"

"வைஃபை நம்ம வூட்டுக்குள்ள மட்டுந்தான்ப்பா. அந்தப் பொட்டிக்கே நெட்டு தெருவுலேருந்து ஒயர்லதான் வருது!"

இத்தனை வருடமாக எல்லாமே காற்றில் வருகிறது என்றுதான் நம்பியிருந்தேன்.

சரி, என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடலாம் என்றால், வாசலில் அத்தனை பேரும் பெருமாளை லைவ் போட்டுக்கொண்டிருந்தார்கள். டவர் திணறியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்தெருவில் இருக்கும் தோழி வீட்டுக்கு ஓடி, மிச்ச இன்டர்வியூவை முடித்துவிட்டு வந்தாள்.

"ஏன் கட்டாச்சின்னு கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்க. எங்கப்பாதான் கழட்டச் சொன்னாருன்னு சொன்னேன். சிரிச்சிக்கினே இருந்தாங்க."

முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைத்தால் பெருமாள் அருள் என்பார்கள். கிடைக்காவிட்டால் யார் தலை உருளும் என்று உங்களுக்கே தெரியும்.

வைஃபைக்கும் ஒயர் உண்டு என்று தெரியாதவர்கள் ஒருவராவது கை தூக்குங்களேன். மகளிடம் காட்ட வேண்டும்.