அடுப்புப் புகையும் பாய்காட் என்ற வார்த்தையும்

பாய்காட் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது, அழுக்குச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு குமாஸ்தாவின் வாயிலிருந்து. வங்காளத்தை வெள்ளைக்காரன் இரண்டாகப் பிரித்த வருஷம் அது. பவானிபூரில் ஒரு சந்து; அதில் நம் ஊர் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய மெஸ்; அதற்கு நான் சமையல்காரன். பின்கட்டில் ஓர் அறை எனக்கும் என் மனைவிக்கும். அவளுக்குத் தலைப்பிரசவம், நிறைமாதம். தாயார் இல்லாதவள், அதனால் ஊருக்கு அனுப்பவில்லை.

பிரித்த அன்று ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது என்று சந்து முழுக்கத் துக்கம் அனுஷ்டித்தார்கள். நாமெல்லாம் ஒன்று என்று ஒருவர் கையில் ஒருவர் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டார்கள். எனக்கோ அன்றைக்கு அப்பாவின் திதி. திதியைத் தள்ளிப் போட முடியுமா? அங்கே எல்லாம் கரி அடுப்பு, இரும்பு வாளிக்குள் மண் பூசிச் செய்தது. பற்றவைத்தால் கிளம்பும் புகை இருக்கிறதே, பத்து வீடு மூட்டும்போது யார் வீட்டுப் புகை என்று தெரியாது. அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என் புகை மட்டும் தூண் மாதிரி எழும்பி நின்றது.

சந்துப் பையன்கள் நூலோடு கொல்லைப்புறம் வந்தார்கள். நான் ஈரவேட்டியோடு மடியில் இருந்தேன். ஒருவன் என் கையைப் பிடிக்க வந்தான். பதறிப் பின்வாங்கி, “தொடாதே, எட்டிப் போ!” என்று அவன் பாஷையிலேயே கத்திவிட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திதி முடிகிறவரை வீண்பேச்சு கூடாது என்று வளர்ந்தவன் நான்.

மறுநாள் சலவைக்காரன் வரவில்லை. நாவிதன் வரவில்லை. பால்காரன் எங்கள் வாசலைப் பார்க்காமலே தாண்டிப் போனான்.

“நம்மளை பாய்காட் பண்ணிட்டா ஓய்!” என்றார் குமாஸ்தா. “இந்தச் சட்டையோட ஆபீஸ் போனா துரை மூக்கைப் பொத்திப்பான்.”

“பாய்காட்டுன்னா என்ன சுவாமி?”

“அது ஒரு மனுஷன் பேரு. அயர்லாந்துன்னு ஒரு தேசம். அங்கே பண்ணை மானேஜர். குத்தகைக்காராளோட சண்டை. ஜனங்க அவனை அடிக்கலை, வையலை. அறுவடைக்கு ஆள் வரலை, கடையில சாமான் குடுக்கலை. அவ்வளவுதான். அப்புறம் யாரை அப்படிப் பண்ணினாலும் அவன் பேரைத்தான் சொல்றா. இங்கிலீஷே அப்படி ஆயிடுத்து.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தள்ளி வைக்கிறது நம் பக்கத்திலும் உண்டுதான். ஆனால் தள்ளினவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, தள்ளப்பட்டவன் பெயரையே அந்தக் காரியத்துக்கு வைப்பார்களா? கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

இரண்டொரு நாளில், மத்தியானம், அவளுக்கு வலி எடுத்தது. சந்துக்கோடி மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினேன். எல்லோருக்கும் அவள் மாஷி, நம் பக்கத்தில் சித்தி என்கிற மாதிரி. அவள் வாசலிலேயே நின்றாள். சமையல்காரப் பிராமணனை அங்கே டாக்குர் என்பார்கள்.

“என்ன டாக்குர்? அன்னிக்கு நூல் கட்ட வந்தானே, அவன் இந்தக் கையில பொறந்த பையன். அவன் தொட்டா உனக்கு ஆகாது. நான் தொட்டா மட்டும் உன் பெண்டாட்டிக்கு ஆகுமா?”

கதவு சாத்திக்கொண்டே வந்தது.

“மாஷி, அன்னிக்கு என் அப்பாவுக்குச் சிராத்தம்!”

கதவு நின்றது.

“சிராத்தமா? அதுக்கா அடுப்பு மூட்டினே?”

“ஆமாம்.”

“ஐயோ, மடையா! எங்க வீட்டுல மட்டும் செத்தவங்க இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யார் உன்னைக் கேட்கப் போறாங்க? வாயில என்ன, சந்தேஷ் மிட்டாயா அடைச்சு வச்சிருந்தே?”

“மடியில பேசப்படாது மாஷி.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பற்றினாள். பழக்கம், என் கை தானாகப் பின்னால் இழுத்தது. அவள் விடவில்லை. அத்தனை ஜன்னல்களும் பார்க்க, சந்தின் நடுவே என்னை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கே நடந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் பிறந்தது. மறுநாள் காலை சலவைக்காரன் வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி, “மூட்டை எங்கே?” என்றான். குமாஸ்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சுவாமி, அந்த அயர்லாந்து மானேஜருக்கு ஆம்படையா இருந்தாளா? அவளுக்கு வலி எடுத்திருந்தா யார் வந்திருப்பா?”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் பேப்பர்ல போடலை ஓய்.”