ஏர்னஸ்டின் தங்கச்சி

என் மனிதர் ஏர்னஸ்டைக் கட்டிக்கொண்டு நான் பட்ட நாய்படாப் பாட்டை ஒருவரிடமும் சொல்லி ஆற முடியாது. சொன்னால், "ஐயோ, அவர் எவ்வளவு நல்ல மனுசன்" என்பார்கள். நல்ல மனுசன்தான். கரைச்சலே அதுதான்.

மன்னாரை விட்டு நியூசிலாந்தில் ஓக்லாந்துக்கு வந்திறங்கிய கையோடு இவர் ஊருக்கெல்லாம் முறை வைக்கத் தொடங்கிவிட்டார். ஒடாஹுஹு பக்கம் போகிற பஸ்ஸின் டிரைவர் மச்சான். தெருமுனையில் டெய்ரி என்கிற சில்லறைக்கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் மாமா. எங்களோடு வேலை செய்த டொங்காக்காரி சேலா, அக்கா. அந்த மனுசிக்கு அக்கா என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

"கண்டவன் நிண்டவனெல்லாம் உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்பேன்.

"சொந்தமில்லாட்டி ஆக்கிப்போடுறதுதானே" என்பார். இப்படியொரு ஆளோடு என்னத்தைக் கதைக்கிறது?

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஓக்லாந்தில் விரி என்கிற பகுதியில், மரக்கறி வெட்டிப் பையில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி தந்திருந்தார்கள். விசாரணையில் இவர் தன் குடும்பக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். தாய் தகப்பன் இல்லை. கூடப்பிறந்தது ஒரேயொரு தம்பி, அவனையும் ஆமி கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. பெண் சகோதரங்கள் கிடையாது. இந்தக் கதையை நம்பினார்களானால் நாங்களும் குழந்தை ஜனுஷாவும் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திரும்பவும் மன்னார், திரும்பவும் சண்டைக்குள்.

அந்தத் தொழிற்சாலைக்குத்தான் ஆனந்தவல்லி வந்து சேர்ந்தாள். மலேசியாவில் ஈப்போக்காரி. சுற்றிப் பார்க்க வந்தவள், ஊரில் விட்டுவந்த மகளைப் படிக்கவைக்க வேண்டுமென்று, விசா முடிந்த பிறகும் தங்கிவிட்டாள். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். விசா இல்லாத ஆள் எதிர்த்து வாய் திறக்காது என்றுதானே அவன் அவர்களைத் தேடித் தேடிப் பிடித்து வைத்திருந்தான்.

முதல் நாளே என் மனிதர் அவளைத் தங்கச்சி ஆக்கிவிட்டார். அவளும் "அண்ணே, அண்ணே" என்று ஒட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஜனுஷாவைக் குளிப்பாட்டுவாள். குழம்புக்குப் புளி காணாது என்று எனக்கே சொல்வாள். நான் முணுமுணுத்தேன்தான். ஆனால் அவள் வராத கிழமை எனக்கும் வீடு வெறிச்சென்று கிடக்கும்.

ஒரு காலை, கோவா, அதுதான் முட்டைக்கோஸ், வெட்டிக்கொண்டிருந்தோம். முன்வாசலாலும் பின்வாசலாலும் ஒரே நேரத்தில் குடிவரவு அதிகாரிகள் பொலிசோடு உள்ளே வந்தார்கள். மெஷின்களை நிறுத்தினார்கள். சேலா கத்தியைப் போட்டுவிட்டுக் குளிரறைக்குள் ஓடிப் பிடிபட்டாள். மிச்சப் பேரைச் சுவரோரமாக நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நாங்கள் அனுமதியைக் காட்டினோம், சரியென்றார்கள். அதோடு வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதானே?

ஆனந்தவல்லியின் முறை வந்தது. என் மனிதர் வரிசையை விட்டு விறுவிறென்று போய் அவளுக்கு முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இவள் என் சொந்தத் தங்கச்சி, இவளுக்கு நான் பொறுப்பு என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துச் சுற்றிவளைப்புகளில் தனியாள் என்றால் ஆமி ட்ரக்கில் ஏற்றிவிடும். யாராவது ஒரு பெண் பாய்ந்து போய், "இவன் என்ர தம்பி" என்று கட்டிப்பிடித்துக் குழறினால் சிலவேளை விடுவான். இவரையே ஒருமுறை முன்பின் தெரியாத மீன்காரி ஒருத்தி அப்படித்தான் மீட்டிருக்கிறாள். அதற்காக விரியிலும் அதே வித்தையா? இங்கே நிற்கிறவன் அடிக்கமாட்டான், ஏசமாட்டான், பொறுமையாகக் கேள்வி கேட்பான்.

"உங்கள் தங்கை எங்கே பிறந்தவர்?" என்று அதிகாரி கேட்டார்.

"மன்னார்" என்றார் இவர். அதே நேரத்தில் அவள், "ஈப்போ" என்றாள்.

அதிகாரி இரண்டையும் குறித்துக்கொண்டார். அவளை வேனில் ஏற்றினார்கள்.

"உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?" என்று வாசலிலேயே பிடித்தேன்.

"எடி அற்புதம், கொண்டுபோகேக்க பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

"ஓம், நிக்கத்தான் சொல்லுறன். உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு!"

எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்ட வழக்கறிஞர் திவாகர், சிங்கப்பூர்த் தமிழர், கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன சார் பண்ணிட்டீங்க? அன்னைக்குத் தங்கச்சியே இல்லன்னீங்க. இப்ப இருக்குன்னா, காணாமப்போன தம்பியையும் சேர்த்துல்ல நம்ப மாட்டாங்க? கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவங்க சொந்தம் இல்ல, நான் சொன்னது பொய்னு நேரா ஒத்துக்குங்க. வேற வழியே இல்ல."

இவர் எழும்பி வெளியே நடந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவுமில்லை.

வேன் வந்துபோன மறுநாளே தொழிற்சாலையில் பாதி வரிசை வெறுமை. போனவர்களின் வேலையும் எங்கள் தலையில்தான். கை மந்தம் என்று முதலாளி கத்தினான், பாவி! அடுத்த கிழமையே விசா இல்லாத புது ஆட்களைப் பிடித்து வந்துவிட்டான். அவனை ஒருவரும் வேனில் ஏற்றவில்லை. பக்கத்து ஈஸ்ட் டாமாக்கிப் பகுதித் தொழிற்சாலைகளில் விசா உள்ளவர்களே பயந்து வேலைக்குப் போகவில்லையாம். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனால், எங்கள் பக்கத்து வாங்கில் ஒருவரும் உட்காரவில்லை. பகலில் ஜனுஷாவைப் பார்த்துக்கொண்ட றோஷினி கையைப் பிசைந்தாள். "அக்கா, குறை நினையாதேங்கோ. என்ர தம்பிக்கு விசா சரியில்லை. உங்கட வீட்டில கண் வைச்சிருக்கிறாங்களாம். பிள்ளையை இனிக் கொண்டுவராதேங்கோ."

ஆகவே விசாரணைக்குக் கூப்பிட்ட அன்றைக்குப் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனேன். சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, அருகில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஆனந்தவல்லியையும் கூட்டிவந்து சுவரோரக் கதிரையில் இருத்தினார்கள். மெலிந்து போயிருந்தாள்.

"இவர் உங்கள் தங்கையா?"

என் மனிதர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஊரெல்லாம் உறவு கொண்டாடின வாய் அன்றைக்குப் பார்த்துத்தானா கட்டிப்போக வேண்டும்! "சொல்லுங்கோவன்" என்று அவர் தொடையில் கிள்ளினேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார், கண் நிறைந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அவள் பேசினாள். இவரைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து.

"இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அங்க வேலை செய்யறாரு, பார்த்திருக்கேன், அவ்ளோதான். யாரும் கேக்காமலே அவரா வந்து தங்கச்சின்னாரு. கொஞ்சம் லூசுலா."

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். "அப்படியானால் இவர் உங்களுக்கு யார்?"

"ஒருத்தரும் இல்லை" என்றார் ஏர்னஸ்ட். அந்தச் சொல்தான் எங்கள் விண்ணப்பத்தைக் காப்பாற்றியது என்று திவாகர் பிறகு சொன்னார். அப்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவளை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். மலேசியாவுக்கு விமானம் ஏற்றத்தான். வாசலுக்குப் போகிற வழியில் அவள் எங்கள் கதிரையைக் கடக்க வேண்டியிருந்தது. ஜனுஷா அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "மா..." என்றது. தகப்பனின் தங்கச்சியை மாமி என்று கூப்பிட நான்தான் பழக்கியிருந்தேன்.

பிள்ளையின் வாயைப் பொத்தினேன். அது திமிறியது, என் விரலைக் கடித்தது. ஆனந்தவல்லி நேரே பார்த்துக்கொண்டு நடந்தாள். மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் பசி" என்றேன்.