மூணு மணிக்கு வந்துடுவாரு

மருமகள் டிவியில் ஒரு படம் போட்டிருந்தாள். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசுகிறார்கள். உலகத்துப் பெரிய பேங்குக்காரர்கள் எல்லாம் ஒன்றுகூடி, ஊர் ஊராகப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஏரோப்ளேன் ஏறுகிறார்கள். கீழே வாசலில் ஒரு பெண், "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சிரித்த முகமாகச் சொல்லி, வருகிறவர்களை எல்லாம் உட்காரவைக்கிறாள்.

"இவளும் கூட்டுக் களவாணிதான் அத்தே, மூஞ்சப் பாரு" என்றாள் மருமகள்.

அதற்குமேல் எனக்குப் படம் ஓடவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். கால் என்றைக்கு வலிக்காமல் இருந்தது?

நான் இரண்டாம் கிளாசோடு நின்றவள். ஆனாலும் ஒரு பகல் முழுக்க ஒரு கம்பெனியை நடத்தியிருக்கிறேன்.

எட்டு வயது எனக்கு. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சீட்டுக் கம்பெனி இருந்தது. வாராவாரம் பணம் கட்டினால் அட்டையில் முத்திரை குத்துவார்கள். தை பிறந்ததும் மொத்தமாகக் கைக்கு வரும். அம்மா ஆவடி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டாள் என்று பேர். எங்கள் தெருவில் முதலில் சீட்டில் சேர்ந்ததும் அவள்தான். பால்காரம்மாவே கட்டுகிறாளே என்று தெருவும் சேர்ந்தது, குவார்ட்டர்ஸும் சேர்ந்தது. அந்தத் தையில் அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். தாலிக்கும் தோட்டுக்கும் அந்தச் சீட்டைத்தான் நம்பியிருந்தோம்.

மார்கழி முடிகிற நேரம். வழக்கம்போல வாரப் பணத்தையும் அட்டையையும் கொடுத்து அம்மா என்னை அனுப்பினாள். மேனேஜர் பணத்தை வாங்கினார், முத்திரையைக் குத்தினார், ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார்.

"பால்காரம்மா பொண்ணுதானே நீ? இந்தப் பக்கம் ஒரு கை புடி, பாப்பா."

"பொட்டி எதுக்கு சார்?"

"பட்டணத்து பேங்க்குல பணம் எடுத்தாரணும். தை வருதில்ல? எல்லாருக்கும் குடுக்கணுமே."

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரோட்டைத் தாண்டி ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். விரல் சிவந்துவிட்டது. பணம் எடுத்துவரப் போகிற வெறும் பெட்டி ஏன் இவ்வளவு கனக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ரயில் ஏறும்போது சொன்னார்: "என் நாற்காலியில குந்திக்கோ. யார் வந்தாலும் மூணு மணிக்கு வந்துடுவாருன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

அந்த நாற்காலிக்குக் கை இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் அதன் எதிரே நின்றிருக்கிறார்களே தவிர, யாரும் அதில் உட்கார்ந்தது கிடையாது. நான் உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். "இன்னாடி, நீதான் இப்போ மேனேஜரா?" என்று கன்னத்தைக் கிள்ளிச் சிரித்துவிட்டுப் போனாள். குவார்ட்டர்ஸ் மலையாளத்துச் சேட்டன் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "மூணு மணிக்கு வந்துடுவாரு" என்றேன். "பால்காரம்மா மகளோ? அப்போ சரி" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டார். இப்படி எத்தனையோ பேர். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. சோறு தின்னக்கூட நான் எழுந்து போகவில்லை.

பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்டம் கூடியது. யாரோ மேசை டிராயரை இழுத்தார்கள். உள்ளே முத்திரைக் கட்டை மட்டும் கிடந்தது. அம்மா ஓடிவந்து என்னை இறக்கி, ஓரமாக இழுத்துப் போனாள்.

"பொட்டி எதுனா எடுத்துகினு போனாரா?"

"ஆமாம்மா, செம கனம். நான்தான் ஒரு பக்கம் புடிச்சேன். ஸ்டேஷன் வரைக்கும்."

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "இத யாராண்டையும் சொல்லாத" என்றாள், அவ்வளவுதான்.

"உம் பொண்ண காவலுக்கு ஒக்கார வெச்சிட்டு எங்களுக்கு நாமம் போட்டியா?" என்று அதே பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். பாதி வீடுகள் பாலை நிறுத்தின. மீதி வீடுகளுக்கு, அவர்கள் சீட்டில் விட்ட பணத்துக்கு ஈடாக, அம்மா இரண்டு வருஷம் காசில்லாமல் ஊற்றினாள். அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டான். எனக்குப் பள்ளிக்கூடம் நின்றது, சாணி அள்ள ஆள் வேண்டியிருந்தது. அக்கா சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெட்டி விஷயம் அவளுக்குத் தெரியாது. அம்மா சொல்லவே இல்லை.

உள்ளே படம் இன்னும் ஓடுகிறது. அந்தப் பெண்ணை யாரோ அதட்டிக் கேட்கிறார்கள்.

எனக்கு அப்போது இருந்த குறை ஒன்றுதான். அவ்வளவு கனமான பெட்டியை நான் ஒரு பக்கம் பிடித்தேன் என்று அம்மா யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லையே என்று, வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.